எதிர்வாசலிலிருந்து பார்த்த படுதா

இன்று காலை பேத்தியின் படிப்பு மேசைக்குக் கால் ஒட்ட வேண்டுமென்று தச்சுப் பட்டறைக்குப் போயிருந்தேன். இப்போது எல்லாப் பட்டறையிலும் டப்பாவில் வரும் வெள்ளைப் பசைதான். இந்தத் தச்சர் பழைய கை. மூலையில் ஒரு தகரக் குவளையில் வஜ்ஜிரப் பசை கொதித்துக்கொண்டிருந்தது. தோலும் எலும்பும் வெந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நாகல் நகரில் உன் கொட்டகை முன்னால் வந்து நின்றுவிட்டேன்.

அப்போது நான் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. நீ நாடகக் கம்பெனிகளுக்கு சீன் படுதா எழுதிக்கொண்டிருந்தாய். தர்பார், காடு, கடைத்தெரு என்று கேட்டதை எழுதித் தருவாய். வண்ணப்பொடி துணியில் பிடிக்க வஜ்ஜிரம் கலந்தாக வேண்டும். தினமும் அது உன் அடுப்பில் கொதிக்கும். பள்ளி விட்டதும் நான் உன்னிடம் வந்து உட்காருவேன். எனக்கு வாடை பழகிவிட்டது. தெருவுக்குப் பழகவில்லை.

எதிர்வீட்டுப் பூக்கார அக்காதான் கொட்டகைக்காரரான தோல்மண்டி பாயிடம் முதலில் போனது. "எம் பூவுல மல்லி வாசம் இல்ல பாய், பசை வாடைதான் வருதுன்னு சந்தையில மூஞ்சியச் சுளிக்கிறாக" என்றாராம். பாய் உன்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தோல் யாவாரி நாத்தத்தப் பத்திப் பேசுறேன்னு சிரிக்காதீக தம்பி. தெருவே சொல்லுது. ஆயுத பூஜை கழிஞ்சதும் காலி பண்ணிக்கங்க."

அத்தனை பெரிய துணியை விரிக்க ஊரில் வேறு இடம் உனக்குக் கிடைக்காது. கொட்டகை போனால் தூரிகையைக் கட்டி வைத்துவிட்டு எரியோடு ஊரில் உன் அண்ணன் தோட்ட வேலைக்குப் போகவேண்டியதுதான். நீ சண்டை போடவில்லை. அன்று என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "வாடை மட்டுந்தான் வாத்தியாரே தெருவுக்குப் போகுது. படம் போகலையே. பூஜையன்னைக்கு எல்லாரையும் உள்ள கூப்பிட்டுப் பாப்போம்."

கூப்பிட்டாய், வந்தார்கள். காலையிலேயே தூரிகைகளும் வண்ணம் குழைக்கும் சிரட்டைகளும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு பூஜையில் இருந்தன. கை கொள்ளாமல் பொரியும் கடலையும் கொடுத்தாய். படுதா தரையில் விரிந்து கிடந்தது. குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டான பூச்சு.

"ஏன் அப்பு, இது பாறையா பாயாசமா?" என்றார் அந்தத் தெரு வண்டிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். உன் முகம் சுருங்கியது.

"தூக்கிக் கட்டினாத் தெரியும்ணே" என்றாய். அப்போதுதான் உனக்கே உறைத்தது. பூஜை வைத்த மகிழ்ச்சியில் படுதா ஏற்றும் கப்பிக்கும் கயிற்றுக்கும்கூடச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாய். பூஜையில் இருப்பதை மறுநாள்வரை தொடக்கூடாது.

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க கயிறுதானே தம்பி பூஜையில இருக்கு? எங்க கயிறு சும்மாதான கெடக்கு." மண்டியிலிருந்து தோல்கட்டுக் கயிறு வந்தது. உத்திரத்தில் வீசி, வண்டிக்காரரும் நானும் பாயும் இழுத்தோம். படுதா ஏறியது. அப்போதும் திட்டுகள்தான். துணி விரியும் அளவுதான் கொட்டகை, பின்னால் நகர இடமில்லாமல் எல்லாருமே அதை ஒட்டி நின்றோம். செய்தித்தாளை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கச் சொன்னதுபோல. பாய் வாசலைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

வாடைக்குப் பயந்து உள்ளே வராதவர் பூக்கார அக்கா ஒருவர்தான். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் வாசலில் நின்றிருந்தார். அங்கிருந்து குரல் வந்தது.

"ஏலே, அங்ஙன என்னத்தப் பாக்குறீக? எல்லாரும் இங்கிட்டு வாங்க."

தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பினோம். என்னவென்று சொல்ல. கிழக்கு வெயில் திறந்த கதவு வழியாகப் படுதாவில் நேராக விழுந்தது. கொட்டகையின் பின்சுவரைக் காணவில்லை. வாசற்படியிலிருந்து ஒரு மண்பாதை உள்ளே ஓடி, புளியமரங்களுக்கு நடுவில் வளைந்து, மலைப்பாறையின் அடிவாரத்தில் போய் முட்டியது. ஓட்டுக்கூரைக்கு மேலே எப்போதும் தெரியும் நிஜ மலைக்கோட்டை, நீ எழுதிய பாறையின் மேல் அப்படியே போய் உட்கார்ந்திருந்தது. கீழ்ப்பாதி உன்னுடையது, மேல்பாதி உலகத்துடையது. இரண்டும் எங்கே சேர்கின்றன என்று நான் கூரை விளிம்பைத் தேடிப் பார்த்தேன், கண் அதில் நிற்கவில்லை. காற்றில் துணி லேசாக அசைந்தபோது மலையே மூச்சு விட்டது.

அக்காவின் முந்தானை மூக்கிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை. "நடந்தே போயிரலாம் போலருக்கே" என்றார் மெதுவாக.

நீ என் பக்கத்தில்தான் நின்றாய். உன் கண் கலங்கியிருந்தது. இத்தனை தூரத்திலிருந்து நீயும் அதைப் பார்த்ததில்லை.

பாய் தொண்டையைச் செருமினார். "என்னம்மா சொல்றீக? நீங்கதான் சொல்லணும்."

"நான் பூக்கட்டி முடிச்சு சந்தைக்குப் போன பெறகு பசையக் காய்ச்சச் சொல்லுங்க. அம்புட்டுதான்" என்றார் அக்கா. பாய் தலையசைத்தார். கயிற்றைத் திருப்பிக் கேட்கவேயில்லை.

அதன்பின் வருடா வருடம் பூஜையன்று உன் கதவு திறந்தது. அடுத்த தெருவில் பொம்மை செய்கிறவரும், சாமி படம் எழுதுகிறவரும் உன்னைப் பார்த்துத் தங்கள் கதவையும் திறந்தார்கள். ஜனங்கள் குழந்தை குட்டியோடு ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குப் போவார்கள். ஆனால் முதலில் எல்லாரும் போய் நிற்பது அக்கா வாசலில்தான்.

அந்தப் படுதா கம்பெனியோடு ஊர் ஊராகப் போய் எங்கோ கிழிந்திருக்கும். நீயும் போய்விட்டாய். உன் கைபட்ட ஒரு முழத் துணிகூட என்னிடம் இல்லை. வேலையில் இருந்தவரை, வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கில் திணறினால், "எழுந்து கடைசிப் பெஞ்சுக்குப் போய்க் கரும்பலகையைப் பாரு" என்பேன். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

இன்று பட்டறைப் படியில் கால் வைத்தவன், இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். உள்ளே இளவெயிலில் தச்சர் குனிந்திருந்தார், மரத்தூள் பொன்னாகப் பறந்தது.

"என்ன சார் அங்கேயே நின்னுட்டீக, வாடையா?" என்றார் அவர்.

"இல்லப்பா. செத்த நேரம் இங்கிருந்து பாத்துட்டு வாரேன்."