நிமிர்ந்த முள்

நாள் 19, காலை
செவ்வாயின் நிலா போபோஸ், மீன்குஞ்சு நிலையம். பொறுப்பு: ஜெனோவா மச்சாது. வேறு ஆள் இல்லை. நீர் வெப்பம், ஆக்சிஜன் சரி. கொடுவாக் குஞ்சுகள் நன்றாக இரை எடுக்கின்றன. கீழே செவ்வாய் முகாமில் பயறு தீர்ந்துகொண்டு வருகிறது. அங்கிருந்து ஏறுவண்டி மேலே வந்து இந்தக் குஞ்சுகளைக் கொண்டுபோய் அங்கே வளர்த்தால்தான் அடுத்த ஆண்டு அவர்களுக்குச் சாப்பாடு.

நாள் 23, மதியம்
சில குஞ்சுகள் சுருண்டு நீந்துகின்றன. எக்ஸ்ரே எடுத்தேன். முதுகுமுள் வளைந்திருக்கிறது. பாஸ்பரஸ் குறைவு. தாது உப்பு டப்பாக்களைத் திறந்தேன். குளிரூட்டும் குழாய் கசிந்து எல்லாம் விஷமாகியிருக்கிறது.

சுண்ணாம்புச் சத்தைக் குஞ்சு தண்ணீரிலிருந்தே செவுள் வழியாக எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் இரையில்தான் வர வேண்டும். சோயா மாவில் இருப்பதைக் குஞ்சின் குடலால் பிரிக்க முடியாது.

முகாம் மருத்துவர் இம்தியாஸ் காக்காவின் பதில்: “ஏறுவண்டிக்கு எரிபொருள் நெரப்ப ஏழு வாரம் ஆவும்மா. அதுக்கு முந்தி ஒரு பொட்டலங்கூட அனுப்ப முடியாது. இங்க புரதம் பத்தாம பிள்ளையளுக்குப் பாதம் வீங்க ஆரம்பிச்சிட்டு. எதையாவது செய்யி.”

நாள் 24, காலை
என் சிறுநீரில் மருந்துப் பெட்டியிலிருந்த மக்னீசிய உப்பைக் கலந்து சுழற்றியில் வைத்துச் சுற்றினேன். வெள்ளைப் பொடி ஒதுங்கியது. அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. இரையோடு பிசைந்து போட்டேன். தின்றன.

நாள் 38, மாலை
வளைந்தவை இறந்துவிட்டன; புதிதாக எதுவும் வளையவில்லை. ஆனால் குஞ்சு வளர வளர இரை கூடுகிறது, பொடி போதவில்லை.

எடையற்ற இடத்தில் மனித எலும்பு கரைந்து, அதிலுள்ள பாஸ்பரஸ் சிறுநீரில் போகும். அதைத் தடுக்கத்தான் எனக்கு மாத்திரை, தினமும் பெல்ட் கட்டிக்கொண்டு ஓட்டம். இன்றோடு இரண்டையும் நிறுத்துகிறேன்.

நாள் 52, காலை
பொடி கூடியிருக்கிறது. இடுப்பு வலிக்கிறது. என் கையைக் கண்டாலே குஞ்சுகள் மொய்க்கின்றன.

“உன் எலும்பு ஸ்கேன் ஏன் வரல?”

“மெஷின் ரிப்பேர், காக்கா.”

நாள் 61, மதியம்
வால்வைத் திருகினேன். மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டது. இடக்கையால் எழுதுகிறேன். காக்காவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

“பொய் சொல்லிட்ட ஜெனோவா. மாத்திரையைப் போடு. இது உத்தரவு.”

“போட்டா பொடி கொறஞ்சிரும். பிள்ளையளுக்கு என்ன குடுப்பீங்க?”

 “அப்ப கையையாவது அசைக்காம கட்டி வையி, தாயி.”

நாள் 74, காலை
ஏறுவண்டி வந்து இணைந்தது. தானாக ஓடும் வண்டி, உள்ளே ஆள் இல்லை. குஞ்சுப் பெட்டிகளை ஏற்றிவிட்டேன். ஒரு இருக்கை காலி.

“நீயும் ஏறு. கெஞ்சிக் கேக்கேன்.”

இறங்கும் அதிர்ச்சியை என் முதுகெலும்பு தாங்காது. அவருக்கும் தெரியும். கதவைச் சாத்தினேன். அனுப்பிவிட்டேன்.

நாள் 75
“கேக்குதா? தொட்டியில விட்டாச்சு. எல்லாம் நேரா நீந்துதும்மா. பிள்ளையள்லாம் சுத்தி நின்னு ஒரே கத்து. மாத்திரை ஆரம்பிச்சிட்டியா?”

“ஆரம்பிச்சிட்டேன்.”

காலித் தொட்டிகளின் பம்புகளை நிறுத்தினேன். இவ்வளவு அமைதி இங்கே இருந்ததில்லை. படுக்கையில் திரும்பும்போது விலா எலும்பு ஒன்று முறிந்து உள்ளே நகர்ந்தது. மூச்சைச் சிறிதாகத்தான் இழுக்க முடிகிறது; பலமாக இழுத்தால் முனை நுரையீரலில் குத்திவிடும். காற்றில் இரைத் தூள் மிதக்கிறது. வடிகட்டியை மாற்றியிருக்க வேண்டும். மூக்கில்

தும்மல் வருகிறது

அடக்க