மூன்று பிள்ளைகளின் தகப்பன்

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் இன்று காலை டோஸ்ட்ருப்பில் என் கடைக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் மிளகாய்த்தூள் வாசனையையும் மீறி அச்சு மை மணத்தது. முதல் பக்கத்தில் உன் படம். கீழே, "இரண்டு பிள்ளைகளின் பாசமிகு தந்தை." எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

கோப்பன்ஹேகனில் பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் கட்டடத்தில் நீ துப்புரவு வேலை செய்த காலம் நினைவுக்கு வந்தது. ஒருநாள் என்னை அங்கே கூட்டிப்போய், கண்ணாடிக்குள் விரித்து வைத்திருந்த புத்தகமொன்றைக் காட்டினாய். நூற்றைம்பது வருடப் பழசான நகரச் சுகாதார அறிக்கை. ஒரு நிரலில் பிறப்பு, மறு நிரலில் இறப்பு. கொலரா வந்து போன பிறகு குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் போட்டதால் இறப்பு வீதம் இறங்கிவிட்டது என்று டாக்டர்மார் பெருமையாக எழுதியிருப்பதை வாசித்துச் சொன்னாய். பிறகு கண்ணாடிமேல் விரலைக் கடைசி வரிக்கு இறக்கினாய்.

"செத்துப் பிறந்ததுகளைத் தனியப் போட்டிருக்கிறாங்கள் பார். பிறப்பிலையும் சேர்க்கேல்லை, இறப்பிலையும் சேர்க்கேல்லை. அப்ப என்ரை மூத்தவள் எங்கை போனவள்?"

நான் யாவாரி. உடைந்து வந்த பெட்டியும் கணக்கில் ஒரு பெட்டிதான் என்று யாரோடும் மல்லுக்கு நிற்பவன். அன்றைக்கு மட்டும், "பசிக்குது மச்சான், வா போவம்" என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மலர் வேலையைப் பொறுப்பெடுத்தவன் உன் மைத்துனன். உடனே போன் போட்டேன்.

"மூண்டு பிள்ளையெல்லோ அவனுக்கு!"

"செத்துப் பிறந்ததை ஆரண்ணை போடுறது? சனம் என்ன சொல்லும்?"

"அந்தக் காலத்து டெனிஷ்காரனே கீழை ஒரு வரி விட்டவன். உனக்கு அதுக்கும் மனமில்லையே?"

"கத்தாதேங்கோ அண்ணை. மலரைத் திருப்பி அச்சடிப்பம். பேரைச் சொல்லுங்கோ."

முப்பது வருடம் உன்னோடு கதைத்திருக்கிறேன், அந்தப் பிள்ளையின் பேர் தெரியாது.

அல்பர்ட்ஸ்லுண்டுக்கு, உன் மனைவிக்கு எடுத்தேன். நான் கேட்டு முடிக்கவில்லை.

"ஜெசிந்தா" என்றா. பிறகு, "இவ்வளவு காலத்திலை நீங்கள்தான் அண்ணை முதல் கேட்டது."

மலர் திருத்தமாக வரும், அதை நான் பார்த்துக்கொள்வேன். மைத்துனன்மேல் இருந்த கோபம் இப்போது என்னிடமே திரும்பி நிற்கிறது. அது இறங்காது, இறங்கவும் வேண்டாம். ஜெசிந்தா என்று நீ சொல்ல வந்த அன்றைக்கு, பசிக்குது என்று உன் வாயை அடைத்தவன் நான்.