சூரியகாந்தி வரைந்த ஹெல்மெட்

டென்னசி,
ஜனவரி 9, 2006

அன்புள்ள ஒலீட்டா அக்காவுக்கு,

தம்பி வெர்லின் எழுதுவது. கால் எலும்பு ஒட்டிவிட்டது, நடை மட்டும் வாத்து நடை. டெல்பா போய் நாலு மாதம் ஆகிறது. அவள் காப்பிக் கோப்பை இன்னும் சமையலறைக் கொக்கியில்தான் தொங்குகிறது. பெண்டாட்டி குடித்த கோப்பையை எடுத்து வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

மார்ச் 14 அன்று நாஷ்வில்லில் சட்டசபைக் குழு எங்கள் மசோதாவை எடுக்கிறது. இருபத்தொரு வயதானவன் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடுவதும் போடாததும் அவன் பாடு என்கிற மசோதா. அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை பிரேக் என்று தெரியாது. என் மண்டைக்கு மூடி போட மட்டும் தெரியும்.

எங்கள் சங்கத்தின் சார்பில் தலைவன் நான் பேசுகிறேன். நீ பக்கத்தில் நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். டெல்பா சர்க்கார் பாதுகாப்பு முத்திரை ஒட்டிய ஹெல்மெட் போட்டிருந்தாள், அப்படியும் மண்டை உடைந்துதான் செத்தாள் என்று. மான் குறுக்கே பாய்ந்து இருவரும் விழுந்தோம். மூடாத என் தலையில் கீறல்கூட இல்லை, மூடிய தலைதான் உடைந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவள் நீ. நீ சொன்னால் எடுபடும்.

அங்கே உன் கையில் கொடுத்த அவள் சாமான் பையை வைத்துக்கொண்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. எரித்துவிடு.

உன் அன்புத் தம்பி,
வெர்லின்

கென்டக்கி,
ஜனவரி 20, 2006

அன்புள்ள வெர்லினுக்கு,

உன் கடிதத்துக்கு நானே தபாலாபீஸில் முத்திரை குத்தி, நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். நாலு மாதமாகப் போனை எடுக்காத தம்பிக்குக் காரியம் என்றதும் பேனா கிடைத்திருக்கிறது. இங்கே பனி. ஒரு சட்டி பீன்ஸும் சோளரொட்டியும் செய்தால் ஒருத்திக்கு மூன்று நாள் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவீர்களே, நினைவிருக்கிறதா? உங்கள் ஊர்ச் சட்டம் எல்லையோடு முடிகிறது. எல்லை தாண்டியதும் ஜூனியின் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, கைவிலங்கை அவிழ்த்த கைதிகள் மாதிரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டுவீர்கள். டெல்பா மட்டும் கழற்ற மாட்டாள். போன ஆகஸ்டில் நானும் அங்கே இருந்தேன். உன் சிநேகிதன் ரோஸ்கோ அவளைக் கேட்டான்: "இன்னும் எதுக்கும்மா அந்தச் சட்டியக் கவுத்திருக்க? இந்தப் பக்கம் போலீஸ் பிடிக்க மாட்டான்."

"நான் என்ன போலீஸுக்கா போடுறேன்? என் மண்டைக்குப் போடுறேன். உனக்குத்தான் உள்ள ஒண்ணுமில்லையே, நீ கழட்டிக்க" என்றாள். எல்லாரும் சிரித்தீர்கள். நீயும்தான்.

அவள் செத்ததும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். எந்தச் சட்டமும் அவள் தலையில் அதை வைக்கவில்லை, அவளாகப் போட்டாள். அவளையே சாட்சியாக்கி ஹெல்மெட் வீண் என்று நான் பேச வேண்டுமாம். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். பையை எரிக்கச் சொல்கிறாயே, ஏன்?

உன் அக்கா,
ஒலீட்டா

டென்னசி,
பிப்ரவரி 1, 2006

அக்கா,

முப்பது வருஷம் சர்க்கார் சம்பளத்தில் முத்திரை குத்தியவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. மேலிடம் சொன்னால் நீ தூங்கும்போதுகூட ஹெல்மெட் போட்டுக்கொள்வாய்.

அப்பா சுரங்கத்துக்குள் போகும்போது தலையில் கம்பெனித் தொப்பி இருந்தது. அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். மேலே மலை சரிந்தபோது அந்தத் தொப்பி என்ன கிழித்தது? கம்பெனிக்காரன் நம் வீட்டுக்கு வந்து, 'தொப்பி போட்டிருந்தார்' என்று எழுதிக்கொண்டு போனான். அத்தோடு அவன் கடமை முடிந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. என் தலையில் இனி எவனும் எதையும் வைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தவன் நான். காற்று முகத்தில் அடிக்க மலைப்பாதையில் போகிறவனுக்குத்தான் இது புரியும். கார் ஜன்னலைக்கூட இறக்காத உனக்குப் புரியாது.

பையைப் பற்றிக் கேட்காதே. வருவதானால் வா. வராவிட்டால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை.

வெர்லின்

கென்டக்கி,
பிப்ரவரி 12, 2006

வெர்லினுக்கு,

உன் மிரட்டலை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பையைத் திறந்தேன். அவள் தோல் சட்டை, ஒற்றை பூட்ஸ், அவள் கையால் சூரியகாந்தி வரைந்த ஹெல்மெட். முட்டை ஓடு மாதிரி பிளந்திருக்கிறது.

கையில் எடுத்ததும் என்னமோ உறுத்தியது. முப்பது வருஷம் பார்சல் தூக்கிய கை இது. தபால் தராசில் வைத்தேன். பதினான்கு அவுன்ஸ், ஒரு பவுண்டுகூட இல்லை. தபால் கொண்டுவரும் லைலும் மோட்டார் சைக்கிள்காரன்தான். அவன் ஹெல்மெட்டை வாங்கி நிறுத்தேன், மூன்று பவுண்டுக்கு மேல். அதன் உள்ளே இரண்டு விரல் கனத்துக்குக் கெட்டித் தெர்மோகோல். டெல்பாவுடையதில் ஒரு துணியும் ஸ்பாஞ்ச் பட்டையும்தான், வேறொன்றும் இல்லை. பின்னால் இருந்த முத்திரையை நகத்தால் சுரண்டினேன். சுருண்டு வந்துவிட்டது.

அந்தப் போலி முத்திரை ஸ்டிக்கர் தாளை உன் பட்டறை இழுப்பறையில் பார்த்திருக்கிறேன். ரோஸ்கோ அதில் ஒன்றை உரித்து வெண்ணெய் டப்பாவில் ஒட்டி, "இப்ப இதுவும் சட்டப்படி ஹெல்மெட்டுதான்" என்று தலையில் கவிழ்த்துக் காட்டினான். நானும் சிரித்தேன். போலீஸ் கண்ணைக் கட்ட நீங்கள் மாட்டிக்கொள்கிற பொம்மைத் தொப்பி, உங்கள் மண்டை, உங்கள் பாடு என்று விட்டுவிட்டேன்.

ஒரே கேள்வி. டெல்பாவுக்குத் தெரியுமா?

பதில் எழுது. எழுதாவிட்டால் 14ஆம் தேதி நாஷ்வில்லுக்கு வருவேன். வெறுங்கையோடு வர மாட்டேன்.

ஒலீட்டா

டென்னசி,
பிப்ரவரி 24, 2006

அன்புள்ள அக்கா,

தெரியாது.

கல்யாண நாளுக்கு அவளாகக் கேட்டாள். "நல்லதா ஒண்ணு வாங்கிக் குடு, கனமா இருந்தாலும் பரவால்ல" என்றாள். கடை வாசல் வரை போனேன். சங்கத் தலைவன் பெண்டாட்டி அவ்வளவு பெரிய பானையைக் கவிழ்த்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ரோஸ்கோ கூட்டம் விடுமா? திரும்பி வந்து, பட்டறையில் கிடந்ததில் ஒன்றை எடுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன்.

தூக்கிப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கே, நல்லதுதானா?" என்று கேட்டாள்.

"பின்னால முத்திர இருக்கு பாரு" என்றேன்.

என்னை நம்பினாள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து பூ வரைந்தாள்.

அக்கா, நீ வராதே. என் தப்பால் மசோதா தப்பாகிவிடாது. பேசுகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன், மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவள் ஹெல்மெட் போட்டிருந்தாள் என்று மட்டும் சொல்கிறேன். அது பொய்யில்லையே.

உன் தம்பி,
வெர்லின்

கென்டக்கி,
மார்ச் 3, 2006

வெர்லினுக்கு,

நான் வரவில்லை. உன்னைக் கட்டாயப்படுத்த நான் சட்டசபை இல்லை.

உன் மசோதா நியாயமாகவே இருக்கட்டும். அவரவர் தலையை அவரவர் பார்த்துக்கொள்வது என்கிறாயே, உன் கூட்டத்தில் அதைச் செய்தவள் ஒருத்திதான். சட்டமில்லாத இடத்திலும் யோசித்துப் போட்டாள். அத்தனை பேர் கேலி செய்தும் கழற்றவில்லை. நீ அவளிடமிருந்து அந்த யோசனையைத் திருடிவிட்டு, மேலே ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாய். ரோஸ்கோ சிரிப்பான் என்று பயந்து செய்தாய். இவ்வளவுதானா உன் சுதந்திரம்? நீ காறித் துப்புகிற சட்டசபைக்காரன்கூட அவளிடம் பொய் சொல்லவில்லை.

'தொப்பி போட்டிருந்தார்' என்று எழுதிக்கொண்டு போன கம்பெனிக்காரனை இன்றுவரை திட்டுகிறாய். 14ஆம் தேதி நீ சொல்லப்போவதும் அதே வாக்கியம்தான்.

ஹெல்மெட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குழுவின் மேசையில் வைத்து நடந்ததைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். இதில் சட்டம் எதுவும் இல்லை. உன் பாடு.

ஒலீட்டா

கென்டக்கி,
மே 8, 2006

வெர்லினுக்கு,

பார்சல் திரும்பி வந்தது. 'வாங்க மறுக்கிறேன்' என்று உன் கையெழுத்து. திரும்பி வந்த தபாலையும் நானே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. உன் பேச்சைப் பேப்பரில் படித்தேன். "என் மனைவி சட்டப்படியான ஹெல்மெட் போட்டிருந்தாள்" என்று சொன்னாயாம். எனக்கு எழுதியதைவிட ஒரு வார்த்தை கூடவே சொல்லியிருக்கிறாய். மசோதா குழுவிலேயே செத்துவிட்டதாம். அதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

ஹெல்மெட்டை ஜூனியிடம் கொடுத்துவிட்டேன். பங்க்கில் காப்பி மேசைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். அடியில் ஒரு அட்டை: 'அழுத்திப் பார்க்கலாம்.' போடு என்றோ போடாதே என்றோ யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வருகிறவர்கள் கட்டை விரலால் அழுத்துகிறார்கள், உள்ளே அமுங்குகிறது. பிறகு தங்களுடையதையும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறார்கள். சிலர் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறார்கள், சிலர் தலையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். எதுவானாலும் தெரிந்து செய்கிறார்கள்.

ரோஸ்கோ அந்தப் பூவை அடையாளம் கண்டுகொண்டு, அழுத்திப் பார்த்தானாம். "இது அவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டானாம்.

"தெரியாது" என்றாளாம் ஜூனி.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இனி நீ என் வீட்டுக்கு வர வேண்டாம். டெல்பாவின் காப்பிக் கோப்பையை மட்டும் அனுப்பி வை. நான் மறுக்க மாட்டேன்.

உன் கூட்டம் இப்போதும் ஜூனியின் பங்க்கில்தான் நிற்கிறதாம். எல்லாரும் உள்ளே போகிறார்களாம். நீ மட்டும் வண்டியை விட்டு இறங்குவதில்லையாம். காப்பியை வெளியே கொண்டுவந்து தரச் சொல்கிறாயாம்.

ஒலீட்டா