கண்டும் காணாமப் போன மூத்தவ

ஆவணி 3, ஞாயிறு

காலையில சுள்ளுனு வெயில். மத்தியானம் மேகம் கூடி ஏமாத்திட்டுப் போயிருச்சு. மிளகாய் வத்தலை உள்ள அள்ளி, திருப்பி வெளிய கொட்டி, இடுப்பு போச்சு.

பேரனுக்கு 17ஆம் தேதி இருக்கன்குடி கோயில்ல முடியெடுத்துக் காதுகுத்து. வாங்க வேண்டியது:
வெத்தலை, கொட்டைப்பாக்கு
பிள்ளைக்குப் புதுச் சட்டை (பெருசா எடுக்கணும், வளர்ற பிள்ளை)
வேன், முருகேசன் பேசணும்
எனக்கு ரவிக்கை. பழைய டெய்லர் வேண்டாம். ஒரு கை நீளம், ஒரு கை கட்டையா தச்சவன். மறக்கல.

சாயங்காலம் முருகேசன் வந்து உக்காந்தான். மகன் ஒண்ணைச் சொல்லத் தயங்கினா காதைச் சொறிவான். சொறிஞ்சான்.

"எம்மா, காதுகுத்துக்கு அழைக்க முதல் வெத்தலை பெரியம்மா வீட்டுக்கு நீதான் கொண்டு போகணும்."

"தபால்ல அனுப்பு."

"வெத்தலையைத் தபால்ல அனுப்புவாகளா?"

"அப்ப நீ போ."

"ஆம்பள போயி வச்சா எடுப்பாகளா? பெரியம்மா வரலன்னா அந்த வகையறாவுல ஒருத்தரும் வர மாட்டாக. பிள்ளைக்கு நம்ம நாலு பேர் மட்டும் நின்னா காது குத்துறது?"

பால் பொங்குன மாதிரி எந்திரிச்சுப் போயிட்டேன். பால் அடுப்புலயே இல்ல.

ஆவணி 4, திங்கள்

மூத்தவ பேரை இதுல எழுத மாட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் சம்சாரம். ஆனைக்குட்டத்துல இருக்கா. எனக்கு மூத்தவ. அம்புட்டுதான்.

என்ன நடந்துச்சுன்னா, இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளி. முருகேசன் அப்ப பள்ளிக்கூடம் போறான். ஆத்து மணல்ல நடக்கேன், எதிர்த்தாப்புல மூத்தவ வாரா. கையில தேங்காய்ப் பை. "யக்கா"ன்னேன். ஏறிட்டுப் பாத்தா. மறுபடி "யக்கா"ன்னேன். மூஞ்சியை வளையக் கடைப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. பக்கத்துல நின்ன சவ்வுமிட்டாய்க்காரன் என்னையப் பாத்துச் சிரிச்சான். அவனையும் மறக்கல.

அதுக்கப்புறம் அந்த வீட்டு நல்லது பொல்லாததுக்கு முருகேசன் போவான். நான் போறதில்ல.

மருமகள் கவிதா லேட்டா வந்தா. சிவகாசியில ஒரு பிரஸ்ல கம்ப்யூட்டர்ல எழுத்து அடிக்கிற வேலை. மாதா கோயில் சாமியாரம்மாக்க நடத்துற ஒரு காலேஜுக்கு விழா மலர் அடிக்காகளாம். காலேஜ் முத்திரையில ஒரு சொல்லு இருக்கு, இன்டெலெக்டஸ்னு. இங்கிலீஷ் இல்லையாம், லத்தீனாம். அதுக்கு என்னென்ன அர்த்தம்னு தமிழ்ல ஒரு பக்கம் போடணும். அந்த வேலை இவ தலையில.

"யார் பேசுற பாசை அது?"

"இப்ப யாரும் வீட்டுல பேசுறதில்ல அத்தை."

"அப்ப யார்ட்ட போயிக் கேப்ப?"

சிரிச்சா. ரசத்துக்கு உப்பு போட மறந்துட்டேன். யாரும் சொல்லல, முருகேசனைத் தவிர.

ஆவணி 6, புதன்

சாரல். பட்டாசுக் கம்பெனியில காயப்போட்ட மத்தாப்பை உள்ள தூக்கிப் போட்டு முருகேசனுக்குத் தோள்வலி. சீசன் நேரத்துல மேகம் வந்தா சிவகாசியே வானத்தைப் பாத்துத் திட்டும்.

கவிதா சோறு தின்னுக்கிட்டே அந்தச் சொல்லை விளக்குனா. அதுக்கு மூணு அர்த்தம். ஒண்ணு, கண்ணால காதால தொட்டு மோந்து அறியிறது. ரெண்டு, மனசுக்குப் புரியிறது. மூணு, ஒரு சொல்லுக்குள்ள இருக்கிற பொருள்.

மூணுக்கும் ஒரே சொல்லா! அவங்க வீட்டுல பாத்திரமும் ஒண்ணுதான் இருந்திருக்கும், சோறு வடிக்கவும் அதான், குழம்பு வைக்கவும் அதான்னேன். அவளுக்குப் புரையேறிப் போச்சு.

நமக்கு எம்புட்டுச் சொல்லு இருக்குன்னு அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்குன்னா தெரியுது, தட்டுப்படுது. மங்கல் வெளிச்சத்துல ஆள் யாருன்னு மட்டுப்படுது. கணக்கு பிடிபடுது. கதை விளங்குது. மாமியா ஜாடையாச் சொன்னது உறைக்குது.

"கடைசி எதுக்கு அத்தை?"

"உறைச்சுச்சா இல்லையா?"

"உறைச்சுச்சு, உறைச்சுச்சு. நாளைக்கு நானே பாத்திரம் கழுவுறேன்."

நல்ல பிள்ளைதான். வாய் இருக்கு, ஆனா நல்ல பிள்ளை.

ஆவணி 7, வியாழன்

ரேசன் கடையில சீனி இல்லன்னான். எனக்கு முன்னால நின்னவளுக்குக் கொடுத்ததைப் பாத்தேன். மறக்கல.

முருகேசன் மறுபடி காதைச் சொறிஞ்சான். நான் ஆத்து மணல் கதையைச் சொன்னேன். அவனுக்கு மனப்பாடம். நான் நிறுத்துற இடத்துல அவனே "சவ்வுமிட்டாய்க்காரன்"னு எடுத்துக் கொடுக்கான்.

கவிதா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே சொன்னா: "அத்தை, பெரியத்தைக்குப் போன மாசம் மதுரையில கண் ஆபரேசன் ஆயிருக்கு, புரை. அந்தக் காலத்துலயே மங்கலா இருந்திருக்குமோ என்னமோ. உங்களை ஏறிட்டுப் பாத்திருப்பாக, யாருன்னு மட்டுப்பட்டிருக்காது."

என் சொல்லையே எடுத்து என் மேல எறியிறா.

சாயந்தரம் பூரா யோசிச்சேன். அப்படியும் இருக்கலாம். கண்ணு தெரியாத பொம்பள மேல போயி இம்புட்டு வருசம் கோவத்தை வச்சிருந்தா எனக்குல்ல அசிங்கம். சரி, பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டுருவோம். மன்னிக்கிற இடத்துல உக்காந்தா நமக்கும் கவுரவம்தான்.

நாளைக்குப் போறேன்.

ஆவணி 8, வெள்ளி

ஆனைக்குட்டம் போனேன், வந்தேன். பஸ்ல சீட்டு கிடைச்சுது. வெத்தலை வாடல.

வாசல்ல கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சினிமாக்காரி கணக்கா உக்காந்திருந்தா.

"யாரது?"

"நான்தான்."

"நான்தான்னா பேர் கிடையாதா?"

"பேச்சி."

"அடியாத்தி. பேச்சிக்கு ஆனைக்குட்டத்துக்கு வழி தெரியுமா?"

ஆரம்பமே இப்படி. காபித்தண்ணி கொடுத்தா. சீனி தூக்கல், நான் ஒண்ணும் சொல்லல, மன்னிக்க வந்த இடம். வெத்தலைத் தட்டை இன்னும் நீட்டல. பேச்சை எடுத்தேன்.

"யக்கா, இருக்கன்குடியில அன்னைக்கு நான் கூப்பிட்டேன். அப்பவே உங்களுக்குக் கண்ணு மங்கலா இருந்திருக்கும், பாவம். அதனால நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல."

கண்ணாடியைக் கழட்டிட்டா.

"எவ சொன்னா மங்கல்னு? மாம்பழக் கலர் சீலை, அரக்குக் கரை. நெத்தியில துன்னூறு கோணலாப் பூசியிருந்த. ரெண்டு தரம் கூப்பிட்ட. நல்லாத் தெரிஞ்சுது. வேணும்னுதான்டி போனேன்."

எனக்கு உடம்பெல்லாம் குளுந்து போச்சு! கோவம் வரணுமே, வரல. பாத்தியா, நான் சொன்னது சரி! எங்க வீட்டுல எல்லாரும் பேச்சிக்குச் சந்தேகப் புத்தின்னாக. தட்டை மடியில வச்சுக்கிட்டு நல்லா உக்காந்துட்டேன்.

"எதுக்குப் போனீக?"

கண்ணாடியை முந்தானையில துடைச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா.

"அன்னைக்குக் காலையிலதான் செல்வி பெட்டியோட வந்து நின்னா. இனிமே அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்னுட்டா. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீ ஆள் மூஞ்சியப் பாத்தாப் போதும், உள்ள கிடக்கிறதை எடுத்து வெளிய வச்சிருவ. உன்கிட்ட நின்னு ஒரு வார்த்தை பேசுனா நடுக்கோயில்ல அழுதிருப்பேன். அதான் வளையல் பாக்கப் போயிட்டேன்."

செல்வி அவ மக. புருசன் வீட்டுல சரியில்லைன்னு கொஞ்ச நாள் ஆத்தா வீட்டுல இருந்தது எனக்குப் பின்னாடி தெரிஞ்சுச்சு. அது அந்த வெள்ளிக்கிழமைன்னு தெரியாது. இப்ப சாத்தூர்ல தையல் மிசின் போட்டு நல்லா இருக்கா, புருசனும் வந்து கூட இருக்கான், வாய் திறக்கிறதில்லையாம்.

ஆக, பாத்தாங்கிறது சரி. வேணும்னு போனாங்கிறதும் சரி. எதுக்குங்கிறது மட்டும் தப்பு. மூணுல ரெண்டு எனக்கு.

"இருந்தாலும் ஒரு தலையாட்டு ஆட்டியிருக்கலாம்."

"ஆட்டியிருந்தா கண்டுபிடிச்சிருப்ப."

அதுவும் வாஸ்தவம்.

தட்டை நீட்டினேன். எடுக்கல. "என் மக சடங்குக்கு நீ பந்தி முடிஞ்சதும் சொல்லாமப் போனியே, அது என்ன?"ன்னா. நான் அன்னைக்கு அவ தங்கச்சி பேசுன பேச்சைச் சொன்னேன். அவ நான் பேசுனதைச் சொன்னா. ஒரு சொல் மாறாம ஞாபகம் வச்சிருக்கா! என்னை மாதிரி ஒரு ஆளு ஆனைக்குட்டத்துல உக்காந்திருக்கான்னு தெரியாமப் போச்சே. வெயில் சாயிற வரைக்கும் பேசினோம். பஸ்ஸு போயிருச்சு, அடுத்த பஸ்ஸும் போயிருச்சு.

கிளம்பும்போது தட்டை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. வாரேன்னு சொல்லல. "பிள்ளைக்கு யாரு ஜாடை?"ன்னு மட்டும் கேட்டா.

வருவாளா, மாட்டாளா?

ஆவணி 12, செவ்வாய்

விழா மலர் பிரஸ்ல ஏறிருச்சு. உணர்தல், புரிதல், பொருள்னு போட்டிருக்காக. என் சொல்லு ஒண்ணுகூட எடுக்கல. பேச்சு வழக்கா இருக்குன்னு பெரிய சாமியாரம்மா அடிச்சிட்டாகளாம். அந்தம்மாவையும் மறக்க மாட்டேன்.

புது டெய்லர் ரவிக்கை கொடுத்துட்டான். கை ரெண்டும் ஒரே நீளம்.

ஆனைக்குட்டத்துல இருந்து ஒரு தகவலும் இல்ல. முருகேசன் செல்லுல கூப்பிட்டான், எடுக்கல. "நீ என்னம்மா பேசிட்டு வந்த?"ங்கான். எல்லாந்தான் பேசினேன்.

ஆவணி 17, ஞாயிறு

விடியல்ல வேன் எங்க ஊரு ஆமத்தூருக்கு வந்துச்சு. ஏறுறதுக்குள்ள சிவகாசி பஸ் நின்னு, ராக்கம்மா இறங்குனா. பின்னாலயே செல்வி, பிள்ளைக, அவ வகையறா மொத்தமும், ஆளுக்கொரு பை.

"ஏடி பேச்சி, ஒரு வேனா பிடிச்சிருக்க? எங்க உக்காருறது?"

முருகேசன் சந்தோசத்துல காதைச் சொறியிறான். இன்னொரு வண்டிக்கு ஓடினான்.

காது குத்தும்போது பிள்ளை என்னைப் பாத்து அழுதுச்சு, ராக்கம்மாவைப் பாத்துச் சிரிச்சுச்சு. மொட்டைத் தலையில சந்தனம் அவ பூசுனா. நல்லா, வழவழன்னு பூசினா. பொங்கச் சோறு எல்லாருக்கும் பத்துச்சு.

ஒண்ணு மட்டும் எழுதி வைக்கணும். வரும்போது ஜன்னல் சீட்டு நான் துண்டு போட்டு வச்சது. துண்டை எடுத்து மடிச்சு என் கையிலயே கொடுத்துட்டு அவ உக்காந்துட்டா.