வேலையை விட்டு அனுப்பும் பாடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் நலம்தான்; கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

நேற்று மனிதவள வகுப்பில், ஆளை வேலையை விட்டு அனுப்புவது எப்படி என்று ஒத்திகை. நான் மேலாளர், பக்கத்து இருக்கைக்காரி தொழிலாளி. முதலில் உட்காரச் சொல்ல வேண்டுமாம். டிஷ்யூ பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டுமாம். மன்னிப்பு மட்டும் கேட்கவே கூடாதாம். அவள் பொய்யாக விசும்பியதும் வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? எங்கப்பாவுக்கு இது நெசமாவே நடந்திருக்கு!" என்று கத்திவிட்டேன்.

"இவ்வளவு கோவம் இருந்தா இந்தத் துறை உனக்குச் சரிப்படாதும்மா" என்றார் பேராசிரியை. மதிப்பெண் பூஜ்யம். அடுத்த தேர்வில் எடுத்துவிடுவேன், கவலைப்படாதீர்கள்.

உங்கள் மேலும் கோபம்தான். வேலை போன அன்று வீட்டுக்கு வந்து, "கொஞ்ச நாளைக்கு லீவு விட்டிருக்காங்க" என்று சிரித்து மழுப்பினீர்களே!

இங்கே அறை குளிர்கிறது. உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

வகுப்புக்கு மணியடித்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் மழுப்பாமல் பதில் எழுதுங்கள். அன்றைக்கு அந்த ஆள் உங்களை உட்காரவாவது சொன்னானா, அப்பா?

உங்கள் மகள்