ஜன்னல் சீட்டு

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் சாந்தாக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே சிட்னியில், பரமட்டாவில் ஒரு தியேட்டரில் உன் தம்பி மானத்தை வாங்கிவிட்டான். வேறு யாருடையதும் இல்லை, என் மானமும் என் மகள் நித்யாவின் மானமும்தான்.

சீனப்படம். போஸ்டரில் ஓர் ஆள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தான். சீனப்படத்தில் ஆள் ஓடினால் சண்டைதானே என்று நானே டிக்கெட் எடுத்து, பெரிய வாளி பாப்கார்னோடு உட்கார்ந்தேன். பத்தாவதோடு நின்றவன் புத்தி அவ்வளவுதான் வேலை செய்யும். படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவன் ஓடியது சந்தையில் யாரோ தூக்கிக்கொண்டு போன தன் மகனைத் தேடி.

"அப்பா, இது கிட்னாப்பிங் படம். ட்ரெய்லர்கூட பாக்கலையா?" என்றாள் நித்யா.

எழுந்து வந்திருக்கலாம். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை, அக்கா.

நீ கண்ணை மூடிய அன்றுகூட நான் அழவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்று பயம். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, போனில் உன் முகத்தைப் பார்த்தேன். பிறகு மிச்சமிருந்த பெட்டிகளை இறக்கி வைத்தேன்.

படத்தில் அந்த அம்மா பதினெட்டு வருஷம் வீடு மாறாமல் காத்திருக்கிறாள். நீயும் அப்படித்தானே? சிட்னிக்கு வா என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். "கார்த்தி வந்து கதவத் தட்டுனா யாருடா தொறப்பா?" என்பாய். வாடகை வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று நான் கேலிகூடப் பண்ணியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு கிழவன் வருகிறான். சந்தையில் கடை வைத்திருந்தவன். பிள்ளையைத் தூக்கிப் போனவளைப் பார்த்தவன், வம்பு எதற்கு என்று அத்தனை வருஷமும் வாயைத் திறக்காதவன். அந்த அம்மா அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்போது அவன் அழுதானா?"

அவ்வளவுதான். மடியிலிருந்த பாப்கார்ன் வாளி கீழே உருண்டது. மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம். யார் இப்படி அழுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா, ப்ளீஸ். எல்லாரும் பாக்குறாங்க."

பக்கத்து சீட்டில் இருந்த சீனத்து அம்மாள் ஒரு கட்டுக் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். விளக்குப் போட்டதும் என் கையைத் தொட்டு, "யுவர் சன்?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அக்காள் மகன் என்று சொல்ல அந்த நேரத்தில் இங்கிலீஷ் வரவில்லை.

பிளாக்டவுனுக்குத் திரும்பும் ரயிலில் நித்யா விடவில்லை.

"உங்களுக்கு ஒரு பையன் இருந்தானா? அம்மாவுக்குத் தெரியுமா?"

"அடிப்பாவி, அப்படியெல்லாம் இல்லம்மா. சாந்தா அத்தையோட பையன். கார்த்தி. நாலு வயசு."

"அத்தைக்குப் பிள்ளையே இல்லன்னுதானே சொன்னீங்க?"

"இருந்தான். தீபாவளிக்கு முதல் நாள், பஸ் ஸ்டாண்டுல. என் கையத்தான் புடிச்சிருந்தான். கூட்டத்துல கை நழுவிப் போச்சு. எனக்குப் பதினேழு வயசு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட், அப்பா."

நீ சொன்னதும் அதேதான். "நீ என்னடா பண்ணுவ, சின்னப்பய. கூட்டம் அப்படி." பிள்ளையைத் தொலைத்தவள், அழுத கண்ணோடு எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாய். நானும் தின்றேன்.

கை நழுவவில்லை, அக்கா.

நீ குழாயடியில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். பஸ் வந்தது. எல்லாரும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார்கள். என்னிடம் துண்டு இல்லை. கார்த்தியைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன், அம்மாவுக்கும் சேர்த்து சீட்டுப் பிடிடா என்று. படியில் இடித்துப் பிடித்து நான் உள்ளே போவதற்குள் சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். "அந்தப் பையனா? அவங்கம்மா முன்வாசல் வழியா எறக்கிட்டுப் போயிட்டாங்களே, பச்சைச் சேலை" என்றார் கண்டக்டர்.

நீ கட்டியிருந்தது மஞ்சள்.

அத்தானின் கோபத்தை நினைத்தேன். ஜூஸ் கடைப் பக்கம் கை நழுவியது என்று சொல்லிவிட்டேன். போலீஸும் வழி தவறிய பிள்ளையைத்தான் தேடியது. ஜூஸ் கடையைச் சுற்றி, மார்க்கெட்டில், கோயிலில். பச்சைச் சேலையை ஒருவரும் தேடவில்லை. சாயங்காலத்துக்குள் நான் வாயைத் திறந்திருந்தால் கிடைத்திருப்பானா? அதை இன்றுவரை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

விசா கையில் வந்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். நித்யாவையும் கூட்டி வருகிறேன். அத்தான் முன்னால் நின்று, அவளும் கேட்க, இதைச் சொல்வேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுப்பேன். அத்தான் அடித்தால் வாங்கிக்கொள்வேன். இனி கார்த்தியைத் தேட வேண்டியது நான். இது உன் மேல் சத்தியம்.

நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் வைக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் பார்த்தவரை அவன் அழவில்லை, அக்கா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, சீட்டுப் புடிச்சுட்டேன்" என்றான்.

உன் கூடப் பிறந்தவன்,
கார்த்தியின் மாமன்