ஷகிலாவின் படிவங்கள்

திங்கள், ஜூலை 9, 2007

காலையிலிருந்தே புழுக்கம். ஊனமுற்றோர் கணக்கெடுப்பில் இன்று முடிச்சூரில் 31 வீடு முடித்தேன். ஊனமுற்றோர்: ஒருவர். ஷகிலாவுக்குப் பக்கத்துத் தெரு, அங்கேயும் 31 வீடு. அவளுக்குப் பதினொன்று. சூப்பர்வைசர் சார் எல்லார் முன்னாலும், "ஷகிலா மாதிரி பண்ணுங்கம்மா" என்றார். வயிறு எரிந்தது. அவள் வேலைக்கு வந்து மூன்று வாரம். எனக்கு இது நாலாவது சர்வே. முடிந்ததும் ஒருத்தரை மட்டும் ஆபீசில் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களாம்.

வாங்க: ரீஃபில், தைலம். செருப்பு தைக்க.

புதன், 11

மழை வருவது போல் இருந்தது, வரவில்லை. இன்று அவளுக்கு ஒன்பது, எனக்கு சைபர். அந்தத் தெருவில் மட்டும் எப்படி இத்தனை பேர்? வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாள், வேறென்ன. சாரிடம் சொல்லியே விட்டேன். என் படிவங்களை அவளிடமும் அவளுடையதை என்னிடமும் கொடுத்து, "போய் சரிபாருங்க" என்றார்.

பார்க்கட்டும். நான் பொய் எழுதவில்லை.

வியாழன், 12

ஷகிலா குறித்திருந்த ஏழு வீட்டுக்குப் போனேன். ஏழும் நிஜம். ஒருவர் திருமுடிவாக்கம் பட்டறையில் வெல்டர். கத்திப் பேச வேண்டியிருந்தது. "ஊனம்லாம் ஒண்ணும் இல்லம்மா. காதுதான் கேக்காது. அந்தப் பொண்ணு உள்ள வந்து குந்திகினு ஒண்ணொண்ணா கேட்டுச்சு. காது கேக்குதா, படி ஏற முடியுதான்னு. சொன்னேன்."

படிவத்தில் இருக்கிற கேள்விகள்தான். அவரவரிடமே கேட்கச் சொல்லித்தான் பயிற்சியும் கொடுத்தார்கள். நான் கேட்டிலேயே நின்று, "ஊனமுற்றவங்க யாராவது இருக்காங்களா?" என்று ஒரே கேள்வி. இல்லை என்றால் வரிசையாக 'சிரமம் இல்லை' டிக். வீட்டுக்கு மூன்று நிமிடம்.

வெட்கமாக இருந்தது. அதைவிட அவள் மேல் ஆத்திரம் அதிகமாக இருந்தது.

சனி, 14

வெயில். தலைவலி.

என் படிவங்கள் திரும்பி வந்தன. பதினான்கு வீட்டில் சிவப்பு மை. "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா" என்றாள். அந்த மரியாதையும் எரிச்சலாக இருந்தது. நிரந்தர வேலை அவளுக்குத்தான், சார் சொல்லிவிட்டார்.

அடியில் எங்கள் வீட்டுப் படிவம். எங்கள் தெருவும் என் பட்டியலில்தான். அதை பஸ்ஸிலேயே பூர்த்தி செய்திருந்தேன். சொந்த வீட்டைப் பற்றி யாரைக் கேட்க வேண்டும்? அம்மா பெயருக்கு நேரே சிவப்பில், 'பார்வை: மிகவும் சிரமம். இடது கண் இரண்டு வருடமாகத் தெரியவில்லை.'

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுதே, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"அது கேட்டுச்சுடி."

இஞ்சி தட்டிப் போட்டு டீ வேறு கொடுத்தாளாம் அவளுக்கு. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். வேலை போனது போகட்டும். இதைத்தான் தாங்க முடியவில்லை.